தகவல் சொல்ல வேண்டியவர்

நந்தகோபால் விமானத்தோடு விழுந்து ஐந்தாம் நாள் காலையில் ஜெசிந்தா என் பட்டறைக்கு வந்தாள். வந்தவள் அழுதிருந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, நாலு வார்த்தை சொல்லி அனுப்பியிருப்பேன். அவள் அழவில்லை. வால்பாறையில் எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ் அவள், சாவைப் பார்த்துப் பழகியவள். கழற்றிப் போட்டிருந்த இன்ஜின்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு நேராகக் கேட்டாள்.

"எனக்கு ஏன் யாரும் சொல்லல, வஞ்சிக்கா? ரெண்டு நாள் கழிச்சு டீ ஃபேக்டரி வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நாலு வருஷமா அவரோட வாழ்ந்திருக்கேன்."

"ஃபாரத்துல உன்ற பேரு இல்ல, அம்மிணி."

"இல்லன்னா?"

டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினேன். தினமும் காலையில் விமானி கையெழுத்துப் போடும் ஃபாரம். பேர், விமான எண், ரத்த வகை. கடைசியில் ஒரு கட்டம்: தகவல் சொல்ல வேண்டியவர். அதில் நந்து தன் கையால் 'இல்லை' என்று எழுதியிருந்தான்.

ஜெசிந்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் இல்லையா?" என்றாள்.

"அடிப்பாவி, அப்படி இல்ல அது" என்று அவசரமாகச் சொன்னேன். "இவனுங்களுக்கு ஒரு பழக்கம். மொத வருஷம் விழுந்த மூணு பேரும் பொண்டாட்டி பேரை எழுதி வெச்சிருந்தாங்க. அதுலருந்து, எழுதினா அந்தப் பேருக்கு ஃபோன் போயே தீரும்னு ஒரு பயம். உசுருக்கு உசுரா ஒருத்தி இருந்தா அவ பேரை அங்க எழுதவே மாட்டானுங்க. எத்தனை திட்டியும் கேக்கல."

எங்கள் கதை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆழியாற்றுக்கு மேலே வால்பாறைக்குப் போகும் மலைப்பாதை சரிந்து ஒன்பது வருடமாகிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவில் பதினேழுதான் மிச்சம். மேலே எண்பதாயிரம் ஜனம். அரசாங்கத்து ஹெலிகாப்டர் வாரம் ஒரு முறை வந்தது, அப்புறம் மாதம் ஒரு முறை, அப்புறம் தேர்தலுக்கு வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எதையும் கழற்றிப் பார்க்காமல் இருக்கவே முடியாது. கப்பலில் குப்பையாக வந்த பழைய ரோட்டரி இன்ஜின்களை எடைக்கு வாங்கி, வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்ட ஆரம்பித்தார்கள். பிஸ்டன் இல்லாமல் உள்ளே முக்கோணம் ஒன்று சுழலும் இன்ஜின் அது. சின்னது, நாலு பேர் தூக்கிவிடலாம். ஆனைமலைப் பக்கம் காய்ந்துபோன ஒரு தென்னந்தோப்பை வெட்டி ஓடுபாதை போட்டோம். இன்று இருநூற்றுப் பதினோரு விமானம். மேலே மருந்தும் அரிசியும் போகிறது, கீழே நோயாளிகள் வருகிறார்கள். அத்தனை இன்ஜினுக்கும் மூச்சைச் சரி பண்ணுகிறவள் நான்.

நான் என்றால், நானும் செவியும். செவி என்பது எங்கள் விமானிகள் சங்கத்துக் கம்ப்யூட்டர். ஒவ்வொரு விமானத்திலும் ஒரு மைக், நாலு தெர்மாமீட்டர். பறக்கும்போது இன்ஜின் போடும் சத்தத்தை எல்லாம் அது கேட்டுக்கொண்டே இருக்கும். காலையில் ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டு எண் கொடுக்கும்: காற்றுக்குழாயின் நீளம், புரொப்பெல்லர் பிளேடின் சாய்வு. சின்ன மோட்டார் ஒன்று குழாயை நீட்டிக் குறுக்கும். விமானி ஒரு பூட்டாணியை இறுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவான், ஆகாயத்தில் அது அசையக் கூடாது.

"அவரு தப்பா ஓட்டினாருன்னு சொல்றாங்க" என்றாள் ஜெசிந்தா. "மலையைப் பாத்ததும் பயந்துட்டாராம். அவரா பயந்தவரு?"

நான் ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அந்தக் குழாய் விஷயம் சொல்லுங்க. அவரு எப்பப் பாத்தாலும் குழாய் நீளம், குழாய் நீளம்னு பேசுவாரு. அதுல என்ன இருக்கு?"

"இன்ஜின் காத்தை இழுக்கறப்ப குழாய்க்குள்ள ஒரு அலை ஓடும். போயி முட்டித் திரும்பி வரும். அது திரும்பி வர்றதும் உள்ள வாசல் தொறக்கறதும் ஒரே நேரமா அமைஞ்சா, காத்து தானாத் திணிச்சுட்டு உள்ள போகும். இழுவை கூடும். பிந்துச்சுன்னா வாசல் சாத்தியிருக்கும், அவ்வளவுதான்."

"ஒரு தடவை அளந்து வச்சா முடிஞ்சுபோச்சே."

"எங்க முடியுது? வெயில் ஏற ஏறக் காத்துல சத்தம் வேகமா ஓடுது. அலை முந்திக்கிட்டு வந்துருது. குழாயை நீட்டோணும். போன வருஷம் நாப்பத்தி நாலு டிகிரி, இந்த வருஷம் நாப்பத்தி ஏழு. போன வருஷத்து அளவுல போனா ஓடுபாதை முடியறதுக்குள்ள எந்திரிக்காது. வருஷா வருஷம் புது அளவு வேணும்."

"புது அளவு எங்கேருந்து வரும்?"

நர்ஸ் அல்லவா, மருந்து எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தெரிந்தவள். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"யாராவது ஒருத்தர் பறந்து பாத்தாத்தான் வரும்" என்றேன் கடைசியில். "தினம் ஒரு விமானத்துக்குச் செவி புது அளவு ஒண்ணு வெக்கும். நல்லா வந்தா மறுநாள் எல்லாருக்கும் அதுதான்."

"நல்லா வரலைன்னா?"

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே அடுத்ததையும் கேட்டாள்.

"அந்த ஒருத்தர் யாருன்னு யார் முடிவு பண்றது?"

அதை முடிவு பண்ணியவள் நான்தான். ஏழு வருடம் முன்பு, செவியை வைத்த அன்று சங்கக் கூட்டத்தில் இதே கேள்வி வந்தது. ஆளுக்கொன்று பேசினார்கள். நான் எழுந்து, "குடும்பம் குட்டின்னு இருக்கறவன் மேல கை வெக்காதீங்க. போனா அழ ஆளில்லாதவனாப் பாத்து வெய்யுங்க. அவன்கிட்டச் சொல்லவும் வேண்டாம், சொன்னாக் கை நடுங்கும்" என்றேன். நியாயமாகத்தான் பட்டது எனக்கு. கை தட்டினார்கள். விதியாக எழுதிச் செவிக்குள் போட்டார்கள். இதை ஜெசிந்தாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"அழ ஆளில்லன்னு அந்த மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

கேட்டு முடிக்கும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. மேஜை மேல் டேப்லெட் 'இல்லை' என்ற கட்டத்தோடு அப்படியே கிடந்தது. இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு இது தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஜெசிந்தா எழுந்தாள். "ஒரு நாளைக்கு மூணு தடவை கூப்பிடுவாரு. சாப்பிட்டியான்னு கேட்கக் கூப்பிடுவாரு" என்றாள். ஆணியில் தொங்கிய நந்துவின் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

அவள் போனதும் பட்டறைக் கதவைச் சாத்திவிட்டுச் செவியிடம் ஏழு வருடத்துச் சோதனைக் கணக்கைக் கேட்டேன். சோதனையில் விழுந்தவர்கள் பதினான்கு பேர். பதினான்கு ஃபாரத்திலும் 'இல்லை'. அத்தனை பேரையும் எனக்குத் தெரியும். சின்னராசுவுக்கு நாலு பெண் குழந்தைகள். பழனாத்தாவுக்குக் கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. யாருமே இல்லாத அந்தோணி மட்டும் பேக்கரிக்காரர் பேரை ஜம்மென்று எழுதி வைத்திருந்தான். அவனுக்கு என்ன பயம்? அவன் மேல் ஒரு நாள்கூடச் சோதனை வைக்கப்படவில்லை. பேரை எழுத எவன் நடுங்கினானோ அவனையே பார்த்துப் பார்த்து எடுத்திருக்கிறது. செவி மேல் தப்பில்லை. நான் சொன்னதை அது செய்தது.

"நாளைக்கு யாரு?" என்று கேட்டேன்.

"விமானம் அறுபத்து மூன்று. மாதேசு" என்றது.

மாதேசு என் தம்பி. எனக்கும் அவனுக்கும் பதினேழு வயது வித்தியாசம். அம்மா போனபோது அவனுக்கு இரண்டு வயது. நான் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் வளர்த்த பிள்ளை. அவன் ஃபாரத்தைத் திறந்தேன். அழகான கையெழுத்தில் 'இல்லை'.

நேராக ஓடிப்போய் எல்லாரிடமும் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் விதி யாருடையது என்ற பேச்சு வரும். பதினான்கு வீட்டுக்காரர்களும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தத் தைரியம் எனக்கு அன்று இல்லை. என்ன செய்தேன் தெரியுமா? மாதேசுவின் ஃபாரத்தில் 'இல்லை'யை அழித்துவிட்டு 'வஞ்சி, அக்கா' என்று எழுதினேன். அவன் தப்பித்தால் அந்த இடத்துக்கு வேறு ஒருத்தன் போவான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதினேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஒரு இன்ஜினுக்கு அடியில் படுத்திருந்தேன். ஓடுபாதையில் அறுபத்து மூன்று கிளம்பும் சத்தம் கேட்டது. இத்தனை வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிளேடைப் படுக்க வைத்தால் இன்ஜின் எகிறிக்கொண்டு கத்தும். அன்று அது கத்தியது. சோதனை அளவு வைத்த விமானம்தான் அப்படிக் கத்தும்.

எழுந்து ஓடினேன். நெற்றி எங்கேயோ இடித்து ரத்தம் வந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது. வயர்லெஸ் அறையில் செவியின் திரையைப் பார்த்தேன். மாதேசுவின் ஃபாரத்தில் என் பேர் இல்லை. காலையில் கையெழுத்துப் போடும்போது அழித்துவிட்டு மறுபடி 'இல்லை' என்று எழுதியிருக்கிறான். குழாய் புது நீளம், பிளேடு புதுச் சாய்வு. நந்துவுக்கு வைத்ததற்கும் இதற்கும் குழாயில் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

ஏற்றத்தில் ஒன்றும் தெரியாது. கீழே நாற்பத்தேழு டிகிரியில் அது பிரமாதமான அளவு. மலைப்பாதையில் பாதி தூரத்தில் இருக்கும் அட்டகட்டிக்கு மேலே மழை மேகம் நின்றிருந்தது, அதற்குள் இருபது டிகிரி. குளிரில் அலை நொண்டிக்கொண்டு வரும். நந்து அங்கேதான் விழுந்தான்.

"அக்கா" என்று மாதேசுவின் குரல் கேட்டது. "இழுவை விழுகுதுக்கா. ஃபுல்லா வெச்சும் ஏற மாட்டேங்குது."

"த்ராட்டிலைக் கொறைடா!"

"என்ன?"

"பின்னால இழு! சுத்தை அஞ்சாயிரத்து அறுநூறுக்கு எறக்கு!"

"பைத்தியமா உனக்கு? எதுக்க மலை இருக்குது!"

"எனக்குத் தெரியும்டா மலை இருக்குதுன்னு! அலை பிந்தி வருது. நீ சுத்தைக் கொறைச்சாத்தான் வாசல் தொறந்திருக்கறப்ப அது வந்து சேரும். நீ அமுக்க அமுக்க வாசல் முந்திச் சாத்துது. உன்ற மேல சோதனை வெச்சிருக்குது, மாதேசு. என்ற சாமி, சொல்றதக் கேளு. கொறை!"

திரையில் சுற்று எண் மட்டும் ஓடியது. ஆறாயிரத்து நானூறு. ஆறாயிரத்து முன்னூறு. உயரம் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்று ஐயாயிரத்து எண்ணூறு. அப்புறம் ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம் மாறியது. கத்தல் போய் அடிவயிற்றிலிருந்து ஒரு இழுப்பு வந்தது. உயரம் ஏறியது. நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மேலே பாம்புக்கடி மருந்தை இறக்கிவிட்டு இரண்டு மணிக்கு அவன் திரும்பி வந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"பேரை ஏன்டா அழிச்சே?" என்று சட்டையைப் பிடித்தேன்.

"நீ ஏன் எழுதினே? காலங்காத்தால உன்ற பேரை அங்க பாத்ததும் எனக்குக் கையே ஓடல. அந்த எடத்துல உன்னை வெச்சுட்டு நான் எப்படிப் பறப்பேன்?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு வருடம் முன்பு நான் எழுந்து பேசியது, எல்லாரும் கை தட்டியது, பதினான்கு 'இல்லை', நேற்று நான் செய்த திருட்டுத்தனம். முடித்ததும், "நந்துக்கு இதேதானா?" என்று கேட்டான். நந்துவும் அவனும் ஒரே கொட்டகையில் விமானம் கட்டியவர்கள்.

"இதேதான்."

"அவனுக்கு யாரும் த்ராட்டிலைக் கொறைன்னு சொல்லல."

"இல்ல."

"சாயந்தரம் கூட்டம் போடு. எல்லாருக்கும் சொல்லு" என்றான். அவ்வளவுதான். என் கையைச் சட்டையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டான்.

நாலரைக்குக் கூட்டம். சங்கச் செயலாளர் ஆறுச்சாமி அண்ணன் தலைமை. விமானிகள் எல்லாரும் கொட்டகையில், மேலே இருந்தவர்கள் திரையில். நான் மறைக்காமல் சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். சின்னராசுவின் பெரிய பெண், அவளும் இப்போது விமானிதான், எழுந்து என் எதிரே வந்து நின்றாள். முகத்தைப் பார்த்தாள். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் யாரோ ஒருத்தர் ஃபோனை எடுத்தார். அடுத்தவர் எடுத்தார். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் எல்லாரும் குனிந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். பொண்டாட்டி பேர், புருஷன் பேர், மகள் பேர். இத்தனை வருடத்துப் பயம் பத்து நிமிடத்தில் போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டதே.

ஆறுச்சாமி அண்ணன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் படித்தார். "சோதனைக்குத் தகுதியானவர், ஒருவர்" என்று எழுதியிருந்தது. "யாரப்பா அது, இன்னும் எழுதாதது?"

"நான்தானுங்க" என்றான் மாதேசு.

"எழுதிரு, கண்ணு."

"இல்லீங்க. சோதனையை நிறுத்த முடியாது. நிறுத்தினா அடுத்த கோடைக்கு ஒரு விமானமும் எந்திரிக்காது, மேல இருக்கறவங்க கதி அவ்வளவுதான். யாரோ ஒருத்தன் பறந்துதான் ஆகோணும். நந்து தெரியாமப் பறந்தான், செத்தான். நான் தெரிஞ்சு பறக்கறேன். தெரிஞ்சா என்ன பண்றதுன்னு யோசிக்கலாமில்லீங்க? இன்னைக்குப் பொழைச்சது அதனாலதான்."

"விதியை மாத்துங்க" என்று நான் கத்தினேன். "மொறை வெச்சுப் பறக்கட்டும். ஆளுக்கு ஒரு நாள். சொல்லிட்டு வைக்கட்டும். இருநூத்திப் பதினோரு பேருக்கு வருஷத்துக்கு ரெண்டு நாள்கூட வராது!"

ஆறுச்சாமி அண்ணன் தலையை ஆட்டினார். "அதுவும் நியாயந்தான். மாத்தலாங்கறவங்க கை தூக்குங்க."

நான் தூக்கினேன். ஒரு மூலையில் அந்தோணி தூக்கினான். வேறு ஒரு கை இல்லை. கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். என்னோடு உட்கார்ந்து சோறு தின்றவர்கள், மலையில் எத்தனையோ பேருக்கு உயிர் கொடுத்தவர்கள். சற்று முன்னால்தான் ஒரு பேரை எழுதி முடித்திருந்தார்கள், அந்தப் பேர் இன்னும் அவரவர் ஃபோனில் தெரிந்துகொண்டிருந்தது. சின்னராசுவின் மகளைப் பார்த்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விதி அப்படியே இருக்கட்டும்" என்றார் ஆறுச்சாமி அண்ணன். போகும்போது மாதேசுவின் தோளைத் தொட்டார்கள். வரிசையாக வந்து தொட்டுவிட்டுப் போனார்கள்.

காலையில் அறுபத்து மூன்றாம் எண் விமானத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அவன் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டான். கடைசிக் கட்டத்தில் என் கண் எதிரிலேயே 'இல்லை' என்று எழுதினான். மோட்டார் குழாயை நீட்டி நின்றது. அவன் பூட்டாணிக்குக் கை நீட்டினான், நான் பிடுங்கிக்கொண்டேன். நானே போட்டு இறுக்கினேன்.

"இன்னைக்கு எவ்வளவுக்கா?"

"முன்னூத்தி இருவத்தி நாலு மில்லி. நேத்தைக்கு மேல ஆறு."

"பிளேடு?"

"கால் டிகிரி இன்னும் படுத்திருக்குது."

அவன் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான். மலைப் பக்கம் பார்த்தான். அட்டகட்டிக்கு மேலே மேகம் கட்டிக்கொண்டிருந்தது.

"மேல குளிர் புடிச்சா சுத்தை எவ்வளவுக்கு எறக்கறது? அஞ்சாயிரத்து அறுநூறா?"

"அது நேத்தைய அளவுக்குடா."

"இன்னைக்கு?"

"தெரியல, சாமி" என்றேன். "நீ போயித்தான் சொல்லோணும்."